வாசகர் கேள்வி பதில்: பயிர்க்காவல் துவக்குக்கு எந்தத் தோட்டா?

கேள்வி: நான் கோப்பாயில் வசிக்கிறேன். அக்கராயன் பக்கம் வயல் இருக்கிறது. காட்டுப்பன்றித் தொல்லை தாங்க முடியாமல் 12 போர் இரட்டைக்குழல் துவக்கு ஒன்றை, பழையதுதான், முறைப்படி அனுமதி எடுத்து வைத்திருக்கிறேன். கனடாவில் இருக்கும் மைத்துனர், அங்கே பலர் மலிவாகக் கிடைக்கும்போது பெட்டி பெட்டியாகத் தோட்டா வாங்கிச் சேர்ப்பார்கள், நீங்களும் அப்படிச் செய்யுங்கள் என்கிறார். விலை குறைந்த, நம்பக்கூடிய தோட்டாவை எப்படித் தெரிவது? எத்தனை வருடம் வைத்திருக்கலாம்?
– வயற்காரர், கோப்பாய்

பதில்: மைத்துனர் தாம் வாழும் நாட்டுச் சட்டத்தை வைத்துச் சொல்கிறார். அங்கேயும் உரிமம் இல்லாதவர் தோட்டா வாங்க முடியாது. இங்கே இலங்கையில் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அனுமதிப்பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும், அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேல் ஒரு தோட்டாவையும் வீட்டில் வைத்திருக்கக் கூடாது. ஆகவே சேர்த்துக் குவிக்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். கிடைக்கும் சிறு தொகையை நல்லதாகத் தெரிந்து, கெடாமல் வைத்திருப்பதுதான் உங்களுக்கு உதவும்.

கடைக்குப் போவதற்கு முன்பு குழலில் பொறித்திருப்பதை வாசியுங்கள். 12 என்பது, ஓர் இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால் அதில் ஒன்று பொருந்தும் குழல் என்று பொருள். உள்விட்டம் ஏறத்தாழ 18.5 மில்லிமீற்றர். அதைவிட முக்கியமானது தோட்டா அறையின் நீளம். பழைய ஆங்கிலேயத் துவக்குகள் பலவற்றில் அது இரண்டரை அங்குலம், அதாவது 65 மில்லிமீற்றர். இன்று பரவலாகக் கிடைக்கும் தோட்டா 70 மில்லிமீற்றர். பலர் ஏமாறுவது இங்கேதான். பெட்டியில் எழுதியிருக்கும் நீளம், வெடித்து வாய் விரிந்த பிறகு உள்ள நீளம். வெடிக்காத தோட்டாவின் வாய் மடிந்து குறுகியிருப்பதால் 70 தோட்டா 65 அறைக்குள் எந்தத் தடையும் இல்லாமல் இறங்கிவிடும். ஆனால் சுடும்போது வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். நாட்பட்ட குழலுக்கு அது ஆகாது. குழலின் பொறிப்பு தெளிவாகத் தெரியாவிட்டாலோ, புகையில்லா மருந்துக்குச் சோதித்ததைக் காட்டும் 'நைட்ரோ' என்ற முத்திரை இல்லாவிட்டாலோ, துவக்குத் திருத்துபவர் ஒருவரிடம் காட்டி அளந்த பிறகே தோட்டா வாங்குங்கள். உருக்குச் சன்னம் (தோட்டாவுக்குள் இருக்கும் சிறு உருண்டை) போட்ட தோட்டா பழைய குழலுக்கு வேண்டாம். ஈயச் சன்னமே போதும்.

சன்னத்தின் எண் கூடக்கூடப் பருமன் குறையும். பறவைக்கான 6ஆம் எண் பன்றியைக் காயப்படுத்தி அனுப்புமே தவிர வீழ்த்தாது. காயம்பட்ட பன்றி மறுநாள் காலை தண்ணீர் கட்ட வருபவரின் மேல் பாயும். பன்றிக்குப் பருமனான சன்னம் கொண்ட எஸ்.ஜி. தோட்டாவே பொருத்தம், அதுவும் முப்பது மீற்றருக்குள். தவறிய எஸ்.ஜி. சன்னம் சில நூறு மீற்றர் போகக்கூடியது என்பதால், பக்கத்து வயற்காரரின் காவற்கொட்டில் எந்தத் திசையில் இருக்கிறது என்பது தெரியாமல் விசையில் விரல் வைக்காதீர்கள். யானைக்கு இது ஆயுதமே அல்ல; சத்தத்தால் விரட்டும் ஆனைவெடிதான் வழி.

மலிவு என்பதை ஒரு தோட்டாவின் விலையைக் கொண்டு கணக்கிடாதீர்கள். வெடித்த தோட்டாக்களை மட்டும் எண்ணி, கொடுத்த காசை அவற்றால் பிரித்துப் பாருங்கள். பத்தில் இரண்டு வெடிக்காத மலிவுத் தோட்டா மலிவாக இருக்காது. உற்பத்தித் தொகுதி இலக்கம் அச்சிட்ட, மூடி கலையாத பெட்டியாக வாங்குங்கள். எல்லாம் ஒரே தொகுதியாக இருந்தால் நல்லது. கடைக்காரர் சில்லறையாக எடுத்துத் தருவதை ஒவ்வொன்றாகக் கையில் உருட்டிப் பாருங்கள். அடிப்பித்தளையில் பச்சைக் களிம்போ துருவோ, நடுவில் துவக்கின் ஊசி தட்டும் தட்டுமூடியைச் சுற்றிக் கறையோ, வாய் மடிப்பில் பிளவோ தெரிந்தால் திருப்பிக் கொடுங்கள். 20 போர் தோட்டாக்களை மஞ்சள் நிறத்தில் செய்வதற்கும் காரணம் இருக்கிறது. அது தவறி 12 போர் குழலுக்குள் போனால் அறையைத் தாண்டி உள்ளே சிக்கிவிடும். பின்னால் 12 தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் சிதறும். பையில் இரண்டையும் கலக்கவே கூடாது.

வெற்றுக் கோதில் ஊரில் மருந்து நிரப்பித் தருபவர்களிடம் போகாதீர்கள். எவ்வளவு மருந்து, என்ன மருந்து என்று அவர்களுக்கே தெரியாது. குழல் வாயால் மருந்தை இடித்து நிரப்பும் இடியன் துவக்கால் விரல் இழந்தவர்களை வன்னியில் நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

வைப்பது பற்றி. நான் சிறுவனாக இருந்தபோது பூநகரியில் பெரியப்பா காகிதக் கோதுத் தோட்டாக்களை பிஸ்கற் தகரத்தில் போட்டு அடுப்படிப் பரணில் வைத்திருந்தார். மாரியில் ஓர் இரவு பன்றிக் கூட்டம் வயலுக்குள் இறங்கியது. லாந்தர் வெளிச்சத்தில் அவர் தோட்டாவை அறைக்குள் தள்ளினார், அது பாதியிலேயே நின்றுவிட்டது. ஈரத்தில் காகிதம் ஊதியிருந்தது. பெருவிரலால் அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டுத் துவக்கை மடித்து வைத்தார். விடிய வரப்பு நெடுக நெல் உழக்கிக் கிடந்தது. இன்றைய பிளாஸ்ரிக் கோது அப்படி ஊதாது. ஆனால் எங்கள் உப்புக்காற்று அடித்தகட்டைத் தின்னும், தகரக் கூரையின் வெக்கை மருந்தைத் தின்னும். புகையில்லா மருந்து நைத்திரோசெல்லுலோசால் ஆனது. அதைக் காப்பதற்காகச் சேர்த்த பொருள் வெப்பத்தில் விரைவாகத் தீர்ந்துவிடும். குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் பல பத்தாண்டுகள் நிற்கும் தோட்டா, வெக்கையான கூரைக்குக் கீழ் அவ்வளவு காலம் நில்லாது. இறப்பர் விளிம்பு வைத்த, காற்றுப் புகாத பெட்டி. உள்ளே சிலிக்கா ஜெல் பை இரண்டு. நிலத்தில் படாமல், சுவரோடு ஒட்டாமல், துவக்கு இருக்கும் அலுமாரியில் அல்லாமல் வேறோர் இடத்தில், பூட்டி. எண்ணெய் பூசாதீர்கள், அது தட்டுமூடி வழியாக உள்ளே ஊறும். பெட்டியில் வாங்கிய மாதத்தை எழுதி, பழையதை முதலில் பாவியுங்கள். திறக்கும்போது புளித்த அமில வாடை வந்தால் அதைச் சுட முயலாமல் பொலிசாரிடம் கையளியுங்கள்.

விசை இழுத்தும் வெடிக்காவிட்டால், குழலை ஆளில்லாத பக்கம் பிடித்தபடி ஒரு நிமிடம் பொறுத்திருங்கள், தாமதித்து வெடிப்பதுண்டு. 'புஸ்' என்று மட்டும் சத்தம் கேட்டால் அடுத்த தோட்டாவைப் போட வேண்டாம். இரண்டு தோட்டாவையும் எடுத்துவிட்டு, குழலுக்குள் அடைப்பு நிற்கிறதா என்று வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள்.

கேள்வி: இயக்கச்சியில் கிணறு துப்பரவாக்கும்போது சாக்கு ஒன்றில் பழைய ரவைகள் கிடைத்தன. அவற்றின் மருந்தை எடுத்துப் பாவிக்கலாமா?
– ஒரு வாசகர்

பதில்: வேண்டாம். அந்த மருந்து வேறு அளவுக்கு, வேறு ஆயுதத்துக்குச் செய்யப்பட்டது. அனுமதியின்றி வைத்திருப்பதே குற்றமும்கூட. சாக்கின் அடியில் ரவைக்குப் பதிலாகக் கைக்குண்டு இருந்தாலும் துருவின் கீழ் வேறுபாடு தெரியாது. பக்கத்திலுள்ள முகமாலையில் கண்ணிவெடி அகற்றும் ஹலோ ட்ரஸ்ட் ஆட்கள் பல வருடங்களாக மண்ணை அங்குலம் அங்குலமாகத் தட்டி எடுத்தார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். சாக்கை இருந்த இடத்திலேயே விட்டு, பிள்ளைகளை அப்பால் அனுப்பி, பொலிசாரின் 119க்கு அழைத்துச் சொல்லுங்கள். அவர்கள் வந்து பார்க்கும்வரை அந்தக் கிணற்றில் வாளி விடாதீர்கள்.