வலிக்கவில்லையே, அப்புறம் பார்க்கலாமா?

ஆண்களின் சிறுநீர்ப் பிரச்சினைகள் பற்றி வாசகர்கள் கேட்டவை. பெயர் வேண்டாம் என்று எல்லோருமே எழுதியிருந்ததால் வயதை மட்டும் போட்டிருக்கிறோம்.

கேள்வி: வயது 58. ராத்திரி மூன்று நான்கு தடவை எழுந்து போகிறேன். போய் நின்றாலும் உடனே வருவதில்லை, வேகமும் இல்லை, முடிந்த பிறகும் சொட்டுகிறது. புராஸ்டேட் வீங்கினால் அது கேன்சரில் போய் முடியும் என்கிறார் நண்பர். பயமாக இருக்கிறது.

நண்பரை விடுங்கள். புராஸ்டேட் என்பது ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் கீழே இருக்கும் சுரப்பி. வயதாக ஆக அது பெரிதாவது இயல்பு, அந்த வீக்கம் பிற்பாடு புற்றுநோயாக மாறுவதில்லை. இரண்டும் வேறு வேறு, ஆனால் ஒரே ஆளுக்கு இரண்டும் இருக்கலாம் என்பதால்தான் பரிசோதனை செய்யச் சொல்கிறோம். ஸ்கேனில் எத்தனை கிராம் என்று பார்த்துவிட்டுக் கவலைப்படுகிறவர்கள் நிறைய. சுரப்பி பெரிதாக இருந்தும் தொந்தரவே இல்லாதவர்கள் உண்டு, சின்னதாக இருந்தும் திணறுகிறவர்கள் உண்டு, ஆகவே எடையை வைத்து மட்டும் எதையும் முடிவு செய்ய முடியாது.

அப்புறம், ராத்திரி எழுவதற்கெல்லாம் புராஸ்டேட்தான் காரணம் என்றும் இல்லை. சர்க்கரை, இதயக் கோளாறு, சாயங்காலத்துக்கு மேல் குடிக்கும் காபி, குறட்டையோடு மூச்சு தடைபடும் தூக்கம் என்று எது வேண்டுமானாலும் இருக்கலாம். மருத்துவரிடம் போகும் முன் இரண்டு மூன்று நாள் எப்போது போனீர்கள், எவ்வளவு போனது என்று எழுதி எடுத்துக்கொண்டு போங்கள், அந்தத் தாளே பாதி வேலையை முடித்துவிடும்.

சிறுநீர் வழியைத் தளர்த்திவிடும் டாம்சுலோசின் மாதிரி மாத்திரைகள் சில நாட்களிலேயே பலன் காட்டும், ஆனால் சட்டென்று எழுந்தால் தலை சுற்றலாம். கண்புரை அறுவை சிகிச்சை செய்துகொள்ளப் போகிறீர்கள் என்றால் இந்த மாத்திரை சாப்பிடுவதைக் கண் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஃபினாஸ்டெரைடு என்பது வேறு வகை, சுரப்பியைச் சுருக்க ஆறு மாதம் வரை ஆகும். அது பிஎஸ்ஏ அளவையும் (புராஸ்டேட்டில் உருவாகும் ஒரு புரதம், ரத்தத்தில் பார்ப்பார்கள்) ஏறக்குறைய பாதியாகக் குறைத்துக் காட்டும், அதனால் பிஎஸ்ஏ பார்க்கும்போது அதையும் சொல்ல வேண்டும். பிஎஸ்ஏ கூடினாலே புற்றுநோய் என்று அர்த்தமில்லை, கிருமித் தொற்றும் வெறும் வீக்கமும்கூட அதை ஏற்றிவிடும்.

இன்னொன்று. சளிக்கும் மூக்கடைப்புக்கும் கடையில் நீங்களாக வாங்கும் மாத்திரைகள் சில, உங்களைப் போன்றவர்களுக்குச் சிறுநீரை அடியோடு நிறுத்திவிடலாம். வயிறு உப்பி, முட்டிக்கொண்டு, ஒரு சொட்டும் வராவிட்டால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

கேள்வி: வயது 44. போன மாதம் ஒரே ஒரு தடவை சிறுநீர் சிவப்பாகப் போனது. வலி, எரிச்சல் எதுவும் இல்லை. மறுநாளே சரியாகிவிட்டது. இருபது வருடமாகப் புகை பிடிக்கிறேன். விட்டுவிடலாமா?

புகையை விடலாம், இந்த விஷயத்தை விடக் கூடாது. எரிச்சலோடு ரத்தம் வந்தால் பெரும்பாலும் தொற்று, இடுப்பைப் பிடித்துக்கொண்டு துடிக்கிற வலியோடு வந்தால் கல். வலியே இல்லாமல் வந்து தானாக நின்றுபோவதுதான் எங்களுக்குக் கவலை தருவது, ஏனென்றால் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் பல சமயம் முதலில் இப்படித்தான் தலைகாட்டும், அதற்கு மிகப்பெரிய காரணமும் புகைதான். நின்றுவிட்டது என்பதற்காக நிம்மதி அடைய வேண்டாம், அது விட்டுவிட்டுத்தான் வரும். பீட்ரூட் சாப்பிட்டாலும் காசநோய்க்கான ரிஃபாம்பிசின் மாத்திரை சாப்பிட்டாலும் நிறம் மாறும் என்பது உண்மைதான், அதைச் சிறுநீர்ப் பரிசோதனையில் தெரிந்துகொள்ளலாம், நீங்களாக ஊகிக்க வேண்டாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் "அதனால்தான்" என்று இருந்துவிடக் கூடாது. ஸ்கேன், அப்புறம் உள்ளே குழாய் விட்டுப் பார்க்கும் பரிசோதனை, இரண்டும் தேவைப்படலாம். இந்த வாரமே போங்கள்.

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. இரண்டு தடவை திடீரென்று விரையில் கடுமையான வலி வந்து, அரை மணி நேரத்தில் தானாகப் போய்விட்டது. சொல்லவே கூச்சப்படுகிறான். விளையாடும்போது அடிபட்டிருக்குமா?

அம்மா, வலி போய்விட்டது என்று இருந்துவிடாதீர்கள். விரை தன் ரத்தக் குழாயோடு சேர்ந்து முறுக்கிக்கொண்டு, பிறகு தானாக அவிழ்ந்திருக்கலாம். அடுத்த தடவை அவிழாமல் போனால் சுமார் ஆறு மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை நடந்தாக வேண்டும், தாமதமாக ஆக விரையைக் காப்பாற்றும் வாய்ப்பு வேகமாகக் குறையும். இப்போது வலி இல்லை என்றாலும் உடனடியாக யூராலஜிஸ்டிடம் (சிறுநீர்ப் பாதை, ஆணுறுப்பு நோய்களுக்கான நிபுணர்) காட்டுங்கள், மறுபடி வந்தால் நள்ளிரவானாலும் அவசரப் பிரிவுதான். சில பையன்கள் வெட்கத்தில் அடிவயிறு வலிக்கிறது என்று மட்டும் சொல்வார்கள், வாந்தியும் எடுப்பார்கள், வீட்டில் அஜீரணம் என்று நினைத்துக்கொள்வார்கள். எங்கே வலித்தாலும் சொல்லலாம், யாரும் சிரிக்க மாட்டார்கள் என்று அவனிடம் இன்றைக்கே பேசுங்கள்.

கேள்வி: வயது 27. இடது விரை வலதைவிடக் கொஞ்சம் கீழே தொங்குகிறது. நோயா?

இல்லை. பெரும்பாலானவர்களுக்கு அப்படித்தான். ஆனால் குளிக்கும்போது தடவிப் பார்த்து, விரையிலேயே கெட்டியாக ஒரு கட்டி தட்டுப்பட்டால், வலிக்காவிட்டாலும், உடனே காட்டுங்கள். விரைப் புற்றுநோய் இளவயதில் வருவது, சீக்கிரம் கண்டுபிடித்தால் அநேகமாக முழுக்கக் குணமாகிவிடும்.

கேள்வி: வயது 49. ஒரு வருடமாக விறைப்பு சரியாக வருவதில்லை. மனைவியிடம்கூடப் பேசவில்லை. நண்பர் கொடுத்த மாத்திரையைச் சாப்பிடலாமா?

வேண்டாம். நெஞ்சு வலிக்காக நைட்ரேட் மருந்து எடுக்கிறவர் அதோடு விறைப்புக்கான சில்டெனாஃபில் (வயாகரா) சாப்பிட்டால் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். அது உங்களுக்குப் பொருந்துமா என்பது நண்பருக்குத் தெரியாது. அதைவிட முக்கியமான விஷயம், ஆணுறுப்புக்குப் போகும் ரத்தக் குழாய்கள் இதயத்தின் குழாய்களைவிட மெலிதானவை, அடைப்பு முதலில் அங்கேதான் தெரியவரும், சிலருக்கு மாரடைப்புக்குச் சில வருடங்கள் முன்பே. எனவே சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றையும் முதலில் பாருங்கள். காலையில் விழிக்கும்போது இயல்பாக விறைப்பு இருக்கிறதா என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள், இருந்தால் காரணம் மன அழுத்தமாக இருக்க வாய்ப்பு அதிகம். மனைவியிடமும் பேசிவிடுங்கள், உங்களுக்கு விருப்பமில்லை என்று அவர் வேறு ஏதாவது நினைத்துக்கொண்டிருக்கப் போகிறார்.

கேள்வி: வயது 33. சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாயில் 5 மி.மீ. கல். பீர் குடித்தால் கரையும் என்கிறார்களே?

கரையாது. இந்த அளவுக் கல் பெரும்பாலும் தானாக வெளியே வந்துவிடும், மருத்துவர் சொன்ன தேதியில் திரும்பவும் ஸ்கேன் எடுத்துப் பாருங்கள். இனிமேல் வராமல் இருக்க, ஒரு நாளில் இரண்டரை லிட்டர் சிறுநீர் போகும் அளவுக்குத் தண்ணீர் குடியுங்கள், உப்பைக் குறையுங்கள், பாலையும் தயிரையும் நிறுத்திவிடாதீர்கள். கல் இருக்கும்போது குளிர் காய்ச்சல் வந்தால் மட்டும் வீட்டில் இருக்கக் கூடாது, அடைப்புக்குப் பின்னால் தேங்கும் கிருமி சில மணி நேரத்திலேயே உயிருக்கு ஆபத்தாகிவிடும்.