தலைவரைத் தேர்ந்தெடுப்பதும் இறக்குவதும்: டெபியன், பைத்தான் பற்றிய கேள்வி பதில்

மதுரை வாசகர்: டெபியன் என்ற கணினி இயங்குதளத்தைத் தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்குகிறார்கள்; அங்கே சம்பளம் தரும் முதலாளி இல்லை. பிறகு தலைவர் எதற்கு?

பொதுநிதியிலிருந்து செலவு செய்ய யாராவது ஒப்புதல் தர வேண்டும்; பொறுப்பாளர்களை நியமிக்க வேண்டும்; திட்டத்தின் சார்பில் வெளியே பேச வேண்டும். இதற்காகச் சுமார் ஆயிரம் உறுப்பினர்கள் ஆண்டுதோறும் ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் அவரால் யாருக்கும் வேலை ஏவ முடியாது. வேலை செய்ய யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை என்று 1998இல் வந்த சாசனமே சொல்கிறது. தாம் நியமித்த பொறுப்பாளரை அவர் மாற்றலாம். அந்தப் பொறுப்பாளர் ஏற்கெனவே எடுத்த முடிவை ரத்து செய்ய முடியாது. அந்தச் சாசனத்தில் நான் மிகவும் மதிக்கும் விதி இதுதான். நியமித்தவரின் முகம் பார்க்காமல் பொறுப்பாளர் முடிவெடுக்கலாம் அல்லவா!

கோவை மாணவி: வாக்களிப்பது எப்படி? நோட்டா உண்டா?

உண்டு, அதுவும் பல்லுள்ள நோட்டா. வாக்காளர் ஒருவரை மட்டும் தேர்வதில்லை. எல்லா வேட்பாளர்களையும் விருப்ப வரிசையில் அடுக்குகிறார். இருவர் இருவராக ஒப்பிட்டு, மற்ற ஒவ்வொருவரையும் வெல்பவரே தலைவர். ‘இவர்களில் எவரும் இல்லை’ என்பதும் அந்த வரிசையில் ஒரு வேட்பாளர்போல நிற்கிறது. நம் ஊர்ப் பொதுத்தேர்தலில் நோட்டா எத்தனை வாக்கு வாங்கினாலும் வேட்பாளர்களில் ஒருவர் வென்றுவிடுவார். டெபியனில் அது வென்றால் தேர்தலையே மறுபடி நடத்த வேண்டும்.

வாக்கு ரகசியமானது. ஆனாலும் முடிவுக்குப் பின் வெளியாகும் பட்டியலில், தமக்கு மட்டும் தெரிந்த குறியீட்டை வைத்துத் தம் வாக்கு சரியாக எண்ணப்பட்டதா என்று ஒவ்வொருவரும் பார்த்துக்கொள்ளலாம்.

யாழ்ப்பாண வாசகர்: யாருமே போட்டியிடாவிட்டால்?

2019இல் அப்படித்தான் ஆனது. வேட்புமனுக் காலத்தை ஒரு வாரம் நீட்டினார்கள், பலர் முன்வந்தார்கள்.

சென்னை வாசகர்: வென்றவர் தவறான வழியில் போனால் ஓராண்டு பொறுத்திருக்க வேண்டுமா?

வேண்டாம். ஓர் உறுப்பினர் தீர்மானம் கொண்டுவந்து, வேறு ஐந்து பேர் வழிமொழிந்தால், தலைவரை நீக்கும் கேள்வியே வாக்குக்கு வரும். 2006இல் வந்தது. அடுத்த பதிப்பை நேரத்தில் முடிப்பதற்காக, டெபியனுக்கு வெளியே அமைந்த டங்க்-டேங்க் என்ற முயற்சி வெளியீட்டு மேலாளர்கள் இருவருக்குப் பணம் கொடுத்தது. அதில் தலைவருக்கும் பங்கு இருந்தது. தன்னார்வலர்கள் நடுவே சிலருக்கு மட்டும் கூலியா என்று பலர் கொதித்தார்கள். நீக்கும் தீர்மானம் தோற்றது. டிசம்பரில் வர வேண்டிய பதிப்பும் 2007 ஏப்ரலில்தான் வந்தது. அதை வீண் சண்டை என்று நான் நினைக்கவில்லை. கோபத்துக்கு ஒரு முறையான வழி இருந்ததால் அது வாக்கில் போய் முடிந்தது. அந்த வழி இல்லாத இடத்தில் திட்டம் இரண்டாக உடையும், அல்லது நல்லவர்கள் சொல்லாமல் விலகிப் போவார்கள்.

பெங்களூரு வாசகர்: ஒரே தலைவர் நிரந்தரமாக இருந்தால் வேலை வேகமாக நடக்காதா?

நடக்கும், அவர் களைத்துப்போகும் வரை. பைத்தான் என்ற நிரல் மொழியை உருவாக்கிய குய்டோ வான் ராசம், அந்த மொழியில் புதிய குறியீடு ஒன்றைச் சேர்ப்பது பற்றிய கடும் விவாதத்துக்குப் பின் 2018 ஜூலையில் விலகினார். வாரிசு எவரையும் அவர் நியமிக்கவில்லை. எப்படி ஆள்வது என்பதையே உறுப்பினர்கள் முதலில் முடிவு செய்ய வேண்டியிருந்தது. ஏழு முன்மொழிவுகளில் ஒன்றை டிசம்பரில் தேர்ந்தார்கள்: ஐவர் கொண்ட வழிகாட்டுக் குழு. ஒரே நிறுவனத்தில் பணிபுரிபவர்கள் அதில் இருவருக்கு மேல் இருக்கக் கூடாது. வாக்களிக்கும் மைய உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் நம்பிக்கையில்லை என்று சொன்னால் குழுவில் ஒருவரையோ குழு முழுவதையுமோ நீக்கலாம். முதல் குழுவுக்கு வான் ராசமே தேர்வானார், ஐவரில் ஒருவராக.

திருச்சி வாசகர்: எங்கள் நிரலாளர் குழு சிறியது. தொடங்கிய நண்பரே பல ஆண்டுகளாக எல்லாம் பார்க்கிறார். நல்லவர்தான். தேர்தல் என்றால் வருத்தப்படுவாரோ?

தேர்தலில் தொடங்காதீர்கள். நிதிக் கணக்கை மாதந்தோறும் எல்லோருக்கும் அனுப்பச் சொல்லுங்கள். பதவிக்காலம் எவ்வளவு, எத்தனை பேர் கேட்டால் மறுவாக்கு என்பதை அவரையே எழுதித் தரச் சொல்லுங்கள்; நல்லவர் என்றால் மகிழ்ச்சியோடு எழுதுவார். அதற்கும் முன்னால், குழுவின் இணைய முகவரி யார் பெயரில் பதிவாகியிருக்கிறது, கடவுச்சொல் இன்னொருவரிடமும் இருக்கிறதா என்று அடுத்த கூட்டத்திலேயே கேட்டுவிடுங்கள்.