மழையும் பனியும் முன்பள்ளி நடையும்: கேள்வி பதில்

ஐப்பசியில் மழை தொடங்கினால் மாசிப் பனி ஓயும்வரை யாழ்ப்பாணத்து வீடுகளில் ஒரே வாக்குவாதம்தான்: சின்னப் பிள்ளையை முன்பள்ளிக்கு நடத்திக் கூட்டிப் போகலாமா, கூடாதா? வந்த கேள்விகளுக்குச் சிறுவர் நலப் பிரிவில் பணிபுரியும் தாதிய உத்தியோகத்தர் ஒருவர் பதில் சொல்கிறார்.

கோண்டாவில், தாய்: மகளுக்கு மூன்றரை வயது. முன்பள்ளி 900 மீற்றர் தூரம். நான்தான் நடத்திக் கூட்டிக்கொண்டு போறன். "பனிக்குள்ள பிள்ளையை இழுத்துக்கொண்டு போய் நெஞ்சுச்சளி ஆக்கப் போறாய்" எண்டு மாமி ஒவ்வொரு நாளும் ஏசுறா. பனி படுறது உண்மையிலேயே கூடாதோ?

பதில்: மார்கழி, தை விடியலில் யாழ்ப்பாணத்தில் வெப்பநிலை 22 பாகை செல்சியஸ் அளவில் நிற்கும். வங்கியில் குளிரூட்டி போட்ட அறையும் கிட்டத்தட்ட அதே அளவுதான். நடக்கிற பிள்ளையின் தசைகள் தாமே சூட்டை உண்டாக்கும். ஐந்து நிமிடம் நடந்தபின் உடம்பு வெதுவெதுப்பாகிவிடும். குளிர்ந்த காற்று உங்கள் மகளுக்குத் தீங்கு செய்யாது. ஈரம்தான் தொல்லை. புல்லில் நிற்கும் பனி சப்பாத்துக்குள் இறங்கி, நனைந்த சொக்ஸோடு பிள்ளை மதியம்வரை இருப்பதைத்தான் தவிர்க்க வேண்டும்.

உடுப்பு: உள்ளே பருத்திப் பெனியன், மேலே முழுக்கைச் சட்டை, அதற்கு மேல் முன்னால் திறக்கக்கூடிய மெல்லிய சுவெற்றர். தலையால் கழற்றும் தடித்த சுவெற்றர் வேண்டாம். வியர்த்துப் போனால் பிள்ளையால் தானே கழற்ற முடியாது, அந்த வியர்வை காயும்போதுதான் குளிரும். பாதி வழியில் நின்று பின்கழுத்துக்குக் கீழே இரண்டு விரலை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக, உலர்ந்து இருந்தால் சரி. ஈரமாக இருந்தால் ஒன்றைக் கழற்றுங்கள். கையும் மூக்கும் குளிர்ந்திருப்பதை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம், சின்னப் பிள்ளைக்கு அவை எப்போதும் குளிர்ந்துதான் இருக்கும்.

900 மீற்றருக்கு இந்த வயதில் 20 முதல் 25 நிமிடம் பிடிக்கும். 35 நிமிடம் முன்னதாகப் புறப்படுங்கள். அவசரத்தில் இழுத்தால்தான் பிள்ளை அழும், அந்த அழுகையைத்தான் மாமி படலையடியில் நின்று பார்க்கிறா. பையில் ஒரு சோடி சொக்ஸ், ஒரு சின்னத் துவாய், நனைந்ததைப் போட ஒரு பொலித்தீன் பை. பை எல்லாமாகப் பிள்ளையின் நிறையில் பத்தில் ஒன்றுக்கு மேல் போகக்கூடாது. 14 கிலோ பிள்ளைக்கு 1.4 கிலோ.

மாமியைப் பற்றி: காலை ஏழரைக்கு வாசலில் நின்று விளக்கம் சொல்லாதீர்கள். பின்னேரம், பிள்ளை விளையாடும்போது இருந்து பேசுங்கள். எந்த நாளில் நடப்பதில்லை என்பதை நீங்களே முதலில் சொல்லுங்கள்: காய்ச்சல் 38 பாகைக்கு மேல், இழுப்பு (ஆஸ்துமா), இடிமுழக்கம், ஒழுங்கையில் ஓடும் வெள்ளம். பின்கழுத்தைத் தொட்டுப் பார்க்கும் வேலையை அவவிடமே கொடுங்கள். நெஞ்சுச்சளியில் பிள்ளைகள் செத்துப்போன காலத்தை அந்தத் தலைமுறை கண்டிருக்கிறது. அந்தப் பயத்தை மதிக்க வேண்டும்.

சுன்னாகம், தந்தை: மகனுக்கு நாலு வயது, இழுப்பு இருக்கு. குளிர் நாளில நடந்தா கூடுமோ?

பதில்: கூடலாம். குளிர்ந்த காற்றும் ஓட்டமும் சேர்ந்தால் சில பிள்ளைகளுக்குச் சுவாசக் குழாய் சுருங்கும். அதற்காக நடையை நிறுத்தத் தேவையில்லை, இழுப்பு கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். இழுப்பு வராமல் தடுக்க வைத்தியர் தந்த மருந்தை நல்ல நாளிலும் விடாமல் கொடுங்கள். இழுப்பு நின்றவுடன் பெற்றோர் தாமாக நிறுத்துவதும் கார்த்திகையில் பிள்ளை வாட்டில் கிடக்க ஒரு காரணம். இழுப்பு வந்தால் அடிக்கும் நீல இன்ஹேலரும், அதோடு பொருத்தும் ஸ்பேசர் குழாயும் உங்கள் பையில் இருக்கட்டும். நடக்க முன் அடிக்க வேண்டுமா என்பதை உங்கள் வைத்தியர் எழுதித் தரட்டும். முதல் ஐந்து நிமிடம் மெதுவாக, வாயை மூடி மூக்கால் சுவாசித்து நடக்கப் பழக்குங்கள்.

பிள்ளை அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணுங்கள். ஒரு வயது முதல் ஐந்து வயதுவரை 40 அல்லது அதற்கு மேல் என்றால் வேகமான சுவாசம், அன்றே வைத்தியரிடம் காட்ட வேண்டும். விலாவுக்குக் கீழே உள்ளிழுத்தால், ஒரு வசனத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் திணறினால், உதடு நீலம் பாய்ந்தால் 1990க்கு அழையுங்கள். அந்த இலவச அம்புலன்ஸ் சேவை 2018 முதல் வடக்கிலும் உண்டு.

நல்லூர், தாய்: வெளிக்கிட முன்னம் அம்மம்மா மூக்கிலயும் நெஞ்சிலயும் தைலம் பூசி விடுறா. அது காப்புத்தானே?

பதில்: காப்பு இல்லை. மூக்கில் பூசுவதை இன்றே நிறுத்துங்கள். இந்தத் தைலங்களில் கற்பூரம், மென்தோல், யூக்கலிப்டஸ் எண்ணெய் இருக்கும். மூக்குத் துவாரத்தில் பூசினால் உள்தோல் எரிந்து சளி இன்னும் கூடச் சுரக்கும். இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு நெஞ்சிலும் வேண்டாம். கற்பூரம் வயிற்றுக்குள் போனால் சில நிமிடங்களிலேயே வலிப்பு வரலாம். ஒரே ஒரு கிராம் ஒரு சின்னப் பிள்ளையின் உயிரைப் பறித்ததாக மருத்துவ ஏடுகளில் பதிவு இருக்கிறது. சாமித்தட்டில் வைக்கும் கற்பூரக் கட்டியையும் எட்டாத உயரத்தில் வையுங்கள். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரி.

மானிப்பாய்: பனியில தலை நனைஞ்சா காய்ச்சல் வருமோ?

பதில்: வராது. துடைத்துவிடுங்கள்.

சாவகச்சேரி, தாய்: எங்கட ஒழுங்கையில ரெண்டு நாள் மழை பெய்தாலே வெள்ளம். மகனை இறக்கி நடத்தலாமோ, தூக்கிக்கொண்டு போகவோ?

பதில்: இந்தக் கேள்வியை எல்லாரும் கேட்டிருக்க வேண்டும். மழைக்கால நடையில் உண்மையான ஆபத்து இங்கேதான் இருக்கிறது. குளிரைப் பற்றிப் பத்துக் கேள்வி வந்திருக்கிறது, வெள்ளத்தைப் பற்றி இது ஒன்றுதான்.

நிற்கிற தண்ணீர் உங்கள் கணுக்காலுக்குக் கீழே இருந்து, அடி தெரிந்தால் கையைப் பிடித்து நடத்தலாம். அடி தெரியாத கலங்கல் என்றால் தூக்குங்கள். தண்ணீர் ஓடுகிறது என்றால் தூக்கியும் போகாதீர்கள், வேறு வழி இல்லாவிட்டால் அன்று வீட்டில் நில்லுங்கள். வாய்க்காலும் றோட்டும் ஒரே மட்டமாகத் தெரியும் இடத்தில்தான் ஆட்கள் விழுகிறார்கள். மழைக்கு முன்பே ஒருநாள் வெயிலில் அந்தப் பாதையை நடந்து, வாய்க்கால் எந்தப் பக்கம், மதவு எங்கே, மூடியில்லாத குழி எங்கே, கட்டில்லாத கிணறு எந்த வளவில் என்று பார்த்து வையுங்கள். வேலியோரமாக நடக்காமல் றோட்டின் நடுவை ஒட்டி, குடைக் காம்பையோ ஒரு தடியையோ முன்னால் ஊன்றி நடவுங்கள். மின்கம்பி அறுந்து கிடந்தால் தண்ணீருக்குள் காலே வைக்க வேண்டாம்.

வெறுங்கால் கூடாது. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்கள் போயின. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரிலிருந்து கிருமி சின்னக் கீறல் வழியாகவும் உள்ளே போகும். காலில் புண் இருந்தால் நீர்புகாத பிளாஸ்டர் ஒட்டுங்கள். நீளச் சப்பாத்துக்குள் தண்ணீர் புகுந்தால் கால் கனத்துப் பிள்ளை தடுக்கி விழும், குதிக்குப் பின்னால் வார் உள்ள றப்பர் செருப்பே மேல். முன்பள்ளிக்குப் போனதும் நல்ல தண்ணீரால், சவர்க்காரம் போட்டு, விரலிடுக்கு உட்படக் கழுவித் துடைத்து, உலர்ந்த சொக்ஸ். வெள்ளத்தில் கால் வைத்து இரண்டு கிழமைக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் கண் சிவப்பும் வந்தால், வெள்ளத்தில் நடந்ததை வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

வல்வெட்டித்துறை, விஞ்ஞான ஆசிரியர்: குளிர் தீங்கு செய்யாது எண்டு ஒரேயடியாச் சொல்லுறீங்கள். 2005இல் கார்டிஃப் பல்கலைக்கழக ஆய்வில் குளிர்ந்த தண்ணீரில் கால் வைத்தவர்களுக்குத் தடிமன் கூடுதலாக வந்தது. அதை ஏன் மறைக்கிறீங்கள்?

பதில்: மறைக்கவில்லை, விவரமாகவே சொல்கிறேன். 180 பேர். 90 பேர் 10 பாகைத் தண்ணீரில் 20 நிமிடம் கால் வைத்தார்கள், மற்ற 90 பேர் வெறும் சட்டிக்குள். அடுத்த நாலைந்து நாளில் முதற்குழுவில் 13 பேரும் மற்றதில் 5 பேரும் தடிமன் என்று சொன்னார்கள். அவர்கள் சொன்னதுதான் கணக்கு, வைரஸ் இருந்ததா என்று சோதிக்கவில்லை. அதற்கு முன் இங்கிலாந்தின் சோல்ஸ்பரியில் 1946இல் தொடங்கிய தடிமன் ஆய்வு நிலையத்தில் தொண்டர்களை நனைய வைத்து, காற்றடிக்கும் நடைகூடத்தில் நிற்க வைத்துப் பார்த்தார்கள். குளிர்ந்தவர்களுக்கு மற்றவர்களை விடத் தடிமன் கூடுதலாக வரவில்லை. 10 பாகைத் தண்ணீரும் 22 பாகைக் காற்றும் ஒன்றல்ல என்பது உங்களுக்குத் தெரியும்.

அளவெட்டி, பேத்தி ஒருத்தியின் அப்பம்மா: அப்ப கால் குளிர்ந்தாத் தடிமன் வரும் எண்டு வெள்ளைக்காரனும் கண்டுபிடிச்சிருக்கிறான். நாங்கள் காலங்காலமாச் சொன்னது பிழையில்லைத்தானே, பிள்ளை?

பதில்: முழுப் பிழையில்லை, அம்மா. கால் ஈரமாக இருக்கக்கூடாது என்று நீங்கள் சொல்வதைத்தான் நானும் மேலே சொல்லியிருக்கிறேன். ஆனால் தடிமனைத் தருவது வைரஸ். மழைக்காலத்தில் அது பரவுவது, கதவும் யன்னலும் பூட்டிய அறைக்குள் இருபது பிள்ளைகள் நெருங்கி இருப்பதால். பேத்தியை நடத்தாமல் ஓட்டோவில் கொண்டு போனாலும் அந்த அறைக்குள்தான் இறக்குவீர்கள். யன்னலைத் திறக்கச் சொல்லி ரீச்சரிடம் கேளுங்கள், சாப்பிட முன் கை கழுவுவிக்கச் சொல்லுங்கள்.

வல்வெட்டித்துறை, விஞ்ஞான ஆசிரியர்: விடமாட்டன். தடிமனைத் தருற ரைனோ வைரஸ் 37 பாகையை விட 33 பாகையில் நல்லாப் பெருகும். குளிர்ந்த காற்று மூக்கைக் குளிராக்குது. தொடர்பு இருக்குத்தானே?

பதில்: 33 பாகை பற்றிய தகவல் சரி. அதனால்தான் அந்த வைரஸ் நுரையீரலை விட்டு மூக்கில் குடியிருக்கிறது. ஆனால் வெயில் நாளிலும் மூக்கின் முன்பகுதி உடம்பின் உட்சூட்டை விடக் குளிர்ந்தே இருக்கும். வைரஸ் மூக்குக்குள் வந்தபின் குளிர் அதற்குக் கொஞ்சம் துணை போகலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதற்காக 25 நிமிட நடையை நிறுத்தச் சொல்ல மாட்டேன். மூன்று, நாலு வயதுப் பிள்ளை நாளில் மொத்தம் 180 நிமிடமாவது உடம்பை அசைக்க வேண்டும், அதில் 60 நிமிடம் மூச்சு வாங்கும் அளவுக்கு என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. மழைக்காலத்தில் முற்றத்து விளையாட்டும் இல்லை. இந்த நடையையும் எடுத்துவிட்டால் மிச்சம் என்ன, ஆசிரியர்? இந்த விவாதத்தை இத்தோடு விடுவோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

உரும்பிராய்: காலமையில தலை முழுக வார்த்திட்டு நடத்திக் கூட்டிப் போகலாமோ?

பதில்: தலையை உலர்த்தினால் போகலாம். தலை நனைவது பற்றி மேலே சொல்லியாயிற்று.

கொக்குவில், தந்தை: நடக்க வைக்கிறதை விட மோட்டார் சைக்கிளில கொண்டு போ எண்டு வீட்டில சொல்லினம்.

பதில்: குளிருக்குப் பயந்து மோட்டார் சைக்கிளுக்கு மாறுவது தலைகீழ் வேலை. நடக்கிற பிள்ளை சூட்டை உண்டாக்குகிறது. முன்னால் அசையாமல் இருக்கிற பிள்ளையின் நெஞ்சில் 40 கிலோமீற்றர் வேகக் காற்று நேராக அடிக்கிறது, மழைத்துளியும் சேர்ந்தால் சொல்லத் தேவையில்லை. பின்னால் இருத்தினால் குதிக்கால் சில்லுக் கம்பிக்குள் போகும். கழுத்தில் சுற்றிய சால்வையின் நுனி சங்கிலிக்குள் போனால் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். நடந்தாலும் சால்வை வேண்டாம், காதை மூடும் தொப்பி போதும். தூரம் என்றால் ஓட்டோ பிடியுங்கள்.

டொறன்ரோ, தாய்: இங்க பூச்சியத்துக்குக் கீழ 15. யாழ்ப்பாணத்திலயிருந்து வந்து நிக்கிற அம்மா நடக்க விடுறா இல்லை.

பதில்: அது வேறு குளிர், அங்கே தோல் உறைந்து போகலாம். உங்கள் பராமரிப்பு நிலையத்தின் குளிர்கால விதியையும் உங்கள் குடும்ப வைத்தியரையும் கேளுங்கள். இங்கே சொன்ன உடுப்புக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது.

திருநெல்வேலி, தாய்: நடக்கேக்க நுளம்பு கடிக்குது. காய்ச்சல் வந்தா பனியோ டெங்குவோ எண்டு எப்பிடித் தெரியும்?

பதில்: பனியால் காய்ச்சல் வருவதில்லை, ஆகவே அந்தச் சந்தேகமே வேண்டாம். டெங்கு நுளம்பு கூடுதலாகக் கடிப்பது விடிந்தபின் சில மணித்தியாலமும் பொழுதுபட முன்னும்தான், உங்கள் நடை நேரம் அதற்குள் விழுகிறது. முழங்கால் மூடும் காற்சட்டை, முழுக்கை, வெளிர் நிறம். காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டும்: கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, நாளில் நாலு தடவைக்கு மேல் இல்லை. 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் உள்ள பாணி என்றால் 12 கிலோ பிள்ளைக்கு ஏழரை மில்லிலீற்றர். தேக்கரண்டியால் அளக்காதீர்கள், சிரிஞ்சால் அளவுங்கள். இபுபுரோஃபென், டைக்குளோஃபெனாக் வேண்டவே வேண்டாம், டெங்கு என்றால் இரத்தக் கசிவைக் கூட்டும். வைத்தியரிடம் காட்ட மூன்று நாள் காத்திருக்க வேண்டாம். மூன்றாம் நாளும் காய்ச்சல் விடாமல் இருந்தால் இரத்தப் பரிசோதனை கட்டாயம். காய்ச்சல் விட்டபின் பிள்ளை சோர்ந்தாலோ, வயிறு நொந்தாலோ, சலம் குறைந்தாலோ உடனே ஆஸ்பத்திரி.

கைதடி: சூடத்தைத் தேங்காயெண்ணெயில காய்ச்சி நெஞ்சில தடவினாப் பரவாயில்லையோ? கடைத் தைலம் இல்லை, வீட்டிலதான் செய்யிறம்.

பதில்: வீட்டில் செய்வது கடைத் தைலத்தை விட மோசம். எவ்வளவு கற்பூரம் கரைந்தது என்று யாருக்கும் தெரியாது. பிள்ளை அந்த நெஞ்சைத் தடவிய கையை வாயில் வைக்கும். செய்யாதீர்கள். வேது பிடிப்பிக்கவும் வேண்டாம், கொதிதண்ணீர்ச் சட்டி கவிழ்ந்து வெந்த பிள்ளைகள் போதும். மூக்கடைப்புக்கு உப்புத்தண்ணீர்த் துளி. ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு இருமல் என்றால் படுக்க முன் அரைத் தேக்கரண்டி தேன். அதற்குக் குறைந்த வயதுக்குத் தேன் கூடாது.

காரைநகர், தாய்: நனைஞ்ச சப்பாத்து விடிய முன்னம் காயுதில்லை. அடுப்படியில வைக்கலாமோ?

பதில்: வேண்டாம், பசை விட்டு அடி கழன்றுவிடும். உள்ளடியையும் நூலையும் கழற்றித் தனியாக வையுங்கள். பழைய பத்திரிகைத் தாளைக் கசக்கி, நுனிவரை இறுக்காமல் அடையுங்கள். இரண்டு மணித்தியாலத்தில் தாள் ஊறிவிடும், எடுத்துவிட்டுப் புதிதாக அடையுங்கள். படுக்க முன் மூன்றாம் தடவை. பிறகு வாய் கீழ்நோக்கிச் சுவரில் சாய்த்து, விசிறிக் காற்றுப் படும் இடத்தில் வையுங்கள். விடியக் கையை உள்ளே விட்டு விரல் நுனிப் பக்கம் தடவிப் பாருங்கள், கடைசியாகக் காய்வது அந்த இடம்தான். அங்கே ஈரம் இருந்தால் அன்றைக்குச் செருப்போடு போகட்டும்.