கட்டிங் மாஸ்டரும் கணினி இளைஞரும்

கேள்வி: திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். நீண்ட அனுபவமுள்ள கட்டிங் மாஸ்டரும், கணினியில் மார்க்கர் (துணியில் எந்தப் பாகத்தை எங்கே வெட்டுவது என்று காட்டும் வரைபடம்) போடும் இளைஞரும் நாள்தோறும் மோதிக்கொள்கிறார்கள். நான் யார் பக்கம் நிற்பது?
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: சண்டை வயதைப் பற்றியதா, வேலையைப் பற்றியதா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். ரோலிலிருந்து பிரித்த பின்னல் துணியைச் சில மணி நேரமாவது, லைக்ரா என்னும் இழுபடும் இழை கலந்ததென்றால் ஒரு நாள் வரையிலும், தளரவிட்ட பிறகே வெட்ட வேண்டும். இழுவையோடு வெட்டினால் தைத்து முடித்த ஆடை அளவுப்பட்டியலுக்குப் பொருந்தாமல் சுருங்கிவிடும் என்பதை மாஸ்டர் துணியைத் தொட்டே அறிவார். அதே வேளையில், பல அளவுகளின் பாகங்களை ஒரே மார்க்கரில் நெருக்கி அடுக்கிச் சேதாரத்தைக் குறைப்பதில் கணினியோடு கண்ணளவு போட்டியிடுவது கடினம். பின்னலாடையின் அடக்க விலையில் பெரும்பங்கு துணிக்கே போவதால், இதைச் சில்லறைச் சேமிப்பென்று ஒதுக்கவும் முடியாது.

ஆகவே துணி எப்போது வெட்டத் தயார் என்று சொல்லும் பொறுப்பை மாஸ்டருக்கும், மார்க்கரை இளைஞருக்கும் எழுத்திலேயே ஒதுக்குங்கள். சுருக்க அளவை மாஸ்டர் ஒப்புக்கொள்ளாமல் மார்க்கர் இறுதியாகக் கூடாது.

இளைஞர் எல்லோர் முன்னிலையிலும் "இதெல்லாம் பழைய முறை" என்கிறாரா என்றும் கவனியுங்கள். பாதிச் சண்டை அங்கேதான் பிறக்கும் என்பது என் ஊகம். மாஸ்டர் அவரை "டேய்" என்று அழைப்பவராக இருந்தால், அதைத் தேநீர் இடைவேளையில் தனியாகச் சொல்லி நிறுத்துங்கள்.