தாசனின் மாடும் நம் ஹீரோவின் பெட்ரோலும்

கேள்வி: மலையாள காமெடிப் படங்களைப் பார்த்தால் இரண்டரை மணி நேரம் கவலை மறந்து சிரிக்க முடிகிறது. தமிழில் ஏன் அப்படி எடுக்க முடிவதில்லை? ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு பார்க்க ஐந்து படங்களும் சொல்லுங்களேன். (ஒரு வாசகர், ஈரோடு)

பதில்: எந்தக் கவலையை மறந்தீர்கள் என்று சொல்லவில்லையே! கடன் கவலை என்றால் தப்பான கடைக்குப் போயிருக்கிறீர்கள். 1980களில் வந்த நல்ல மலையாள காமெடிப் படங்களில் யாருமே யாருக்கும் கடன்படாத ஒன்றைக் காட்டுங்கள், உங்கள் ஆண்டுச் சந்தாவை நானே கட்டிவிடுகிறேன்.

‘நாடோடிக்காற்று’ (1987) படத்தையே எடுத்துக்கொள்வோம். சத்யன் அந்திக்காடு இயக்கம், ஸ்ரீனிவாசன் திரைக்கதை. தாசன் பி.காம். முதல் வகுப்பு. அதை மூச்சுக்கு மூச்சு சொல்லிக்காட்டுவான். கூட இருக்கும் விஜயனுக்கு அந்தப் பெருமையும் கிடையாது. இருவருக்கும் பியூன் வேலை போய்விடுகிறது. பேங்க் லோன் போட்டு மாடு வாங்குவதென்று முடிவு. இந்த யோசனை நமக்கு ஏன் முன்னாலேயே தோன்றவில்லை என்று தாசன் அங்கலாய்க்கிறான். எல்லாவற்றுக்கும் அதற்கென்று ஒரு நேரம் உண்டு தாசா என்கிறான் விஜயன், ஞானி மாதிரி. கேரளத்தில் இன்றைக்கும் எவனாவது புதுத்தொழில் தொடங்கப்போகிறேன் என்றால் பக்கத்தில் இருப்பவன் இதைத்தான் சொல்வான். மாடு சொன்ன கணக்குக்குப் பால் கறக்கவில்லை. பேங்க் மட்டும் சொன்ன தேதிக்குத் தவணை கேட்கிறது.

அப்புறம் துபாய். கஃபூர் என்ற ஏஜெண்ட், அதாவது நம் நடிகர் மாமுக்கோயா, கலிஃபோர்னியா போகிற உரு என்ற மரக்கப்பல் ஒன்றில் இவர்களை ஏற்றிவிடுகிறார். போகிற வழியில் துபாய்க் கரையில் இறக்கிவிடுவார்களாம்! நீந்திக் கரையேறி, அரபு அங்கி மாட்டிக்கொண்டு, சொல்லிக்கொடுத்த சலாமை ஒப்பித்துக்கொண்டு நடந்தால் போர்டெல்லாம் தமிழில் இருக்கிறது. இறங்கிய ஊர் சென்னை. அந்தக் காட்சிக்குச் சிரிக்காதவனை நான் பார்த்ததில்லை. ஆனால் அந்தச் சிரிப்புக்கு அடியில் என்ன கிடக்கிறது? மாட்டையும் விற்று, மிச்சமிருந்த கடைசிக் காசையும் கஃபூரிடம் கொடுத்துவிட்ட இரண்டு பேர் கிடக்கிறார்கள். படித்தவனுக்கு வேலையில்லாத கேரளமும், வளைகுடா போய்வந்தவன் கட்டிய வீட்டைப் பார்த்துப் பெருமூச்சு விட்ட கேரளமும் அதில் இருக்கின்றன. கவலையை மறக்கவிடாமல்தான் நம்மைச் சிரிக்க வைத்தார்கள்.

இதே வேலையில்லாத் திண்டாட்டத்தை நாமும் எடுத்தோம். ‘வறுமையின் நிறம் சிவப்பு’ (1980), டில்லி, கமல், பசி. அருமையான படம், மறுக்கவில்லை. ஆனால் அதில் தொண்டை அடைக்கிறது. ஏழு வருடம் கழித்து அதே காலி வயிற்றை வைத்துக்கொண்டு அவர்கள் குடும்பத்தோடு வந்து சிரிக்கச் சொன்னார்கள். இரண்டாவது வேலை கஷ்டமானது என்பது என் கட்சி. இதைச் சொல்லி உலக சினிமாக்கார நண்பர்களிடம் வாங்கிக்கட்டிக்கொண்டதெல்லாம் பழைய கதை. அழவைத்தால்தான் அவர்கள் கலை என்று ஒப்புக்கொள்வார்கள்.

இப்போது நம் பக்கம். என் பழைய புலம்பல்தான், இந்தப் பக்கத்தை வெகுநாளாகப் படிப்பவர்கள் ஒரு பத்தி தாண்டிக்கொள்ளலாம். நம் ஹீரோ வேலை பார்ப்பதில்லை. நண்பர்கள் நாலு பேர், ஒரு டீக்கடை, ஒரு பைக். அப்பா தண்டச்சோறு என்று திட்டுகிறார். சரி, சோறு அப்பா கணக்கு. பெட்ரோல் யார் கணக்கு? முதல் பாட்டுக்குள் மாமல்லபுரம் போய்த் திரும்பிவிடுகிறான், இரண்டாவது பாட்டில் மலைப்பாதை. அவன் பங்க்கில் வண்டியை நிறுத்தி, சட்டைப் பையைத் துழாவி, “நூறு ரூபாய்க்குப் போடுண்ணே” என்று சொல்லி நான் பார்த்ததே இல்லை. தமிழ் ஹீரோ பங்க்குக்கு வந்தால் அது வெடிக்கப்போகிறது என்று அர்த்தம். இதை எழுதப்போய் ஓர் இயக்குநர் என்னோடு வெகுநாள் பேசவில்லை. பிறகு ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் மாட்டிக்கொண்டார். ரசம் வந்த நேரத்தில், “சார், அந்தப் படத்துக்குப் பெட்ரோல் போட்டது புரொடியூசர்” என்றார் மெதுவாக. நானும் அதைத்தானே ஐயா எழுதினேன்!

நாம் செய்தது ஒரு பாகப்பிரிவினை. கஷ்டம், காதல், சண்டையெல்லாம் ஹீரோவுக்கு. சிரிப்பு மட்டும் தனி ஆளுக்கு. தனியாக எழுதி, தனியாக ஷூட் பண்ணி, நடுநடுவே செருகுவதற்குக் காமெடி டிராக் என்று பெயரும் வைத்தோம். கவுண்டமணி–செந்திலைக் குறை சொல்கிறேன் என்று கல்லெடுக்காதீர்கள். ‘கரகாட்டக்காரன்’ (1989) வாழைப்பழம் உலகத்தரம். அதுவும் ஒரு ரூபாய்க்கு ரெண்டு பழம் என்ற காசுக் கணக்குதான், கவனித்தீர்களா? ஆனால் அந்தப் பழம் படத்திலிருந்து உரித்தெடுத்தாலும் கெடாது. அதே வருடம் வந்த ‘ராம்ஜிராவ் ஸ்பீக்கிங்’ அப்படியில்லை. சித்திக்–லால் இயக்கிய முதல் படம். கல்கத்தாவில் வேலை என்று ஊரில் அம்மாவை நம்பவைத்திருக்கிறான் கோபாலகிருஷ்ணன். போனில் ஓர் அம்மாள் கம்பளிப் போர்வை வாங்கிவரச் சொல்ல, காதே கேட்காதது போல இவன் கத்துகிறான். அதை மட்டும் வெட்டிப் போட்டாலும் சிரிப்பு வரும். ஆனால் அந்தப் பொய்யை ஓர் அம்மா நம்பிக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்து சிரிக்கிற சிரிப்பு வேறு. பாலகிருஷ்ணன் இறந்துபோன அப்பாவின் கம்பெனியில் தனக்கு வரவேண்டிய வேலைக்கு நடையாய் நடக்கிறான். மான்னார் மத்தாயி படுத்துப்போன நாடகக் கம்பெனியின் முதலாளி. பணக்காரர் வீட்டுக்குப் போகவேண்டிய கடத்தல்காரனின் போன், எண் குழப்பத்தில் இந்தப் பஞ்சப் பரதேசிகளுக்கு வருகிறது. வேறு யாருக்கு வந்திருந்தாலும் ‘ராங் நம்பர்’ என்று வைத்திருப்பார்கள், கதை முடிந்திருக்கும்.

தமிழில் ஏன் முடிவதில்லை என்றீர்களே, இதை முடித்தோமே! இந்த ராம்ஜிராவ் கதையை மலையாள இயக்குநர் ஃபாசிலே தமிழில் ‘அரங்கேற்ற வேளை’ (1990) என்று எடுத்தார். பிரபு, ரேவதி, அந்த முதலாளி வேடத்தில் வி.கே. ராமசாமி. வி.கே.ஆர். நாடகக்காரர், கடன் கொடுத்தவன் வாசலுக்கு வரும்போது முகம் எப்படிப் போகும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருந்திருக்காது.

மலையாள நடிகர்களின் பலமும் அங்கேதான் இருக்கிறது. மான்னார் மத்தாயியாக வந்த இன்னொசென்ட் நடிக்க வருமுன் தாவணகெரெயில் தீப்பெட்டிக் கம்பெனி நடத்தியவர். மாமுக்கோயா கோழிக்கோடு கல்லாயியில் மரம் அளந்தவர். ‘கிலுக்கம்’ (1991) படத்தில் லாட்டரி அடித்துவிட்டதாக நம்பி மயங்கி விழுவாரே இன்னொசென்ட், முதலில் முகத்தில் ஒன்றுமே இருக்காது. ஒவ்வொரு எண்ணாகச் சரிபார்க்கிற சமையல்காரனின் நிதானம்தான் இருக்கும். எஜமானைத் திட்டிவிட்டுப் போனவர் பிறகு அதே வாசலில் வந்து நிற்கும் நிலையைப் பாருங்கள். முதல் பாதிக்கு யார் வேண்டுமானாலும் சிரிக்க வைப்பார்கள். இன்னொசென்ட், மாமுக்கோயா இரண்டு பேரும் 2023இல், ஒரு மாத இடைவெளியில் போய்ச் சேர்ந்தார்கள்.

எல்லாம் பொன் என்று சொல்லவில்லை. மனைவியின் ஆசையால்தான் குடும்பம் கடனில் விழுந்தது, அவள் திருந்தியதும் சுபம் என்று ‘தலையணமந்திரம்’ (1990) சொன்னதை இன்று ஊர்வசிக்காக மட்டுமே பார்க்க முடிகிறது. அந்தப் பாக்கியை ‘ஜய ஜய ஜய ஜய ஹே’ (2022) வட்டியும் முதலுமாக, காலால் உதைத்தே தீர்த்தது. ‘பிரேமலு’ (2024) வெறும் காதல் கலாட்டா என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்தப் பையன் சேலத்தில் இன்ஜினியரிங் முடித்துவிட்டு, பிரிட்டன் விசா கிடைக்காமல், மேற்படிப்புக்கான கேட் (GATE) தேர்வுக் கோச்சிங் என்று ஹைதராபாத் போகிறவன். தாசனுக்கு உரு, இவனுக்கு விசா.

‘வெள்ளானகளுடெ நாடு’ (1988) படத்தில் ஓடாத ரோடு ரோலர் ஒன்று வரும். யானையைக் கட்டி இழுத்து, அது சரிவில் உருண்டுபோய்ச் சுவரை இடிக்கும். காண்ட்ராக்டரின் நிலைமையைப் பார்த்துப் பரிதாபப்பட வேண்டும் என்பது இயக்குநர் பிரியதர்ஷனின் எண்ணம். என்னால் முடியவில்லை. எங்கள் அலுவலகத் தெருவில் குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளத்தில் இப்போது ஆமணக்கு முளைத்துக் காயும் விட்டாயிற்று. அங்கே ரோலராவது வந்தது.

ஐந்து படம் கேட்டீர்கள். பட்டியல் போட்டால் ஆறாவதை ஏன் விட்டாய் என்று அடுத்த வாரம் முப்பது கடிதம் வரும். ‘நாடோடிக்காற்று’ மட்டும் பாருங்கள். டப்பிங் வேண்டாம், கோழிக்கோட்டுக்காரர் மதுரைத் தமிழ் பேசுவதைக் கேட்கும் பாவம் நமக்கெதற்கு? முதல் கால் மணி நேரம் ஒன்றும் புரியாது, பிறகு புரிவது போல இருக்கும். மாமுக்கோயா வாயைத் திறந்ததும் மறுபடி புரியாமல் போகும். அதற்காக வருத்தப்படாதீர்கள், அந்த இடத்தில் திருவனந்தபுரத்துக்காரருக்கும் அதே கதிதான்.