யூ.கே.ஜி. முடித்தும் நூறு வரை எழுத வராத பிள்ளை முதல் வகுப்பில் தடுமாறுமா?

தங்கள் மகன் யூ.கே.ஜி. முடித்தும் நூறு வரை எழுத வரவில்லை, முதல் வகுப்பில் பின்தங்கிவிடுவானா என்று கேட்டிருக்கிறீர்கள். பெற்றோர் கூட்டத்தில் யாரோ தங்களை நன்றாகப் பயமுறுத்தியிருக்க வேண்டும். நான் ஆசிரியை அல்லேன். நன்னிலம் பக்கத்தில் குடியிருக்கும் ஒரு தாய், அவ்வளவுதான். தகுதி என்னவென்று கேட்பவர்கள் இந்த வரியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

என் மகளை மூன்று வயதில் விஜயதசமியன்று கூத்தனூர் சரஸ்வதி கோயிலுக்கு அழைத்துச் சென்று நெல்லில் எழுத வைத்தோம். அதன் பிறகு ஒரு தனியார் பள்ளியில் சேர்த்தோம். யூ.கே.ஜி. பாதியிலேயே அவள் ஒன்றிலிருந்து நூறு வரை ஒரு பிழையும் இல்லாமல் எழுதினாள். வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் நோட்டை எடுத்துக் காட்டிய பெருமை எனக்கு உண்டு.

அந்தத் தை மாதம் சம்பா நெல் வீட்டுக்கு வந்தபோது, என் மாமியார் திண்ணையில் உட்கார்ந்து மரக்காலால் அளந்துகொண்டிருந்தார். எங்கள் பக்கம் அளக்கும்போது ஒன்று என்று தொடங்க மாட்டார்கள். “லாபம், ரெண்டு, மூணு” என்றுதான் சொல்லுவார்கள். மரக்காலுக்கு ஒரு புளியங்கொட்டையாக எடுத்து வைக்கும்படி மகளிடம் சொல்லியிருந்தோம். பன்னிரண்டு மரக்கால் முடிந்து ஒரு கலம் ஆனதும் “எத்தனை கொட்டை இருக்கு, சொல்லு ஆத்தா” என்று மாமியார் கேட்க, அவள் கொட்டையைத் தொடாமலே ஒன்று, இரண்டு என்று பாட்டைப் போல ஆரம்பித்து, நிறுத்தத் தெரியாமல் முப்பதைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள். “சரி, ஏழு கொட்டை குடு” என்றதற்கு ஒரு கை நிறைய அள்ளிக் கொடுத்தாள். மாமியார் என்னைப் பார்த்து, “புள்ள ஒப்பிக்குது, எண்ணலம்மா” என்றார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனால் சற்று நேரம் கழித்து அவளே, “லாபம்னா ஒண்ணா அப்பாயி?” என்று கேட்டாள். அவ்வளவு நாளில் எண்களைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

ஒரு பொருளுக்கு ஒரு எண் என்று தொட்டுத் தொட்டு எண்ணுவதும், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்று அறிவதும், கொட்டைகளைப் பரப்பி வைத்தாலும் குவித்து வைத்தாலும் அதே ஏழுதான் என்று புரிந்துகொள்வதும் இந்த வயதின் கணக்குப் பாடம். எழுதுவது அதற்குப் பிறகு வருவது. பென்சிலை அழுத்திப் பிடிக்கும் வலுவே பல பிள்ளைகளின் விரல்களுக்கு ஐந்து வயதில் முழுதாக வந்திருப்பதில்லை.

2023 ஜூனில் அவளை எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் முதல் வகுப்பில் சேர்த்தேன். பழைய பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் கேட்டதற்கு, அடுத்த ஆண்டின் முதல் பருவக் கட்டணத்தையும் கட்டினால்தான் தருவோம் என்று மூன்று முறை அலைய விட்டார்கள். சான்றிதழ் தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்திலேயே இருப்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. காலைச் சாப்பாட்டுக்காகப் பள்ளி மாற்றினேன் என்று பேசிய உறவினர்களும் உண்டு. அந்தக் காலை உணவுத் திட்டத்தை எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவாக்கித் திருக்குவளையில் தொடங்கி வைத்ததே ஆகஸ்ட் 25ஆம் தேதிதான். தனியார் பள்ளிகள் எல்லாமே இப்படித்தான் என்றும் நான் சொல்லவில்லை.

அரசுப் பள்ளிகளில் 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தின்படி, எட்டு வயதுக்குள் பிள்ளைக்குப் பொருள் புரிந்து படிக்கவும் எழுதவும் அடிப்படைக் கணக்குகளைச் செய்யவும் வர வேண்டும் என்பதே இலக்கு. எட்டு வயது என்பதைக் கவனியுங்கள். வகுப்பிலேயே அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, அவரவர் இருக்கும் இடத்திலிருந்து சொல்லிக் கொடுக்கிறார்கள். தமிழில் எழுத்து 247 என்று மலைக்க வேண்டியதில்லை. அவள் ஆசிரியை ட, ப, ம என்ற மூன்றையும் புள்ளியையும் மட்டும் முதலில் காட்டினார். அன்று மாலையே படம், மடம், பட்டம், மட்டம் என்று கரும்பலகையில் அவளே கூட்டிப் படித்ததாகச் சொன்னார். கொம்புதான் அவளைப் படாதபாடு படுத்தியது. “எ சத்தம் பின்னாடிதானே வருது, கொம்ப ஏன் முன்னாடி போடணும்?” என்று கேட்டாள், எனக்குப் பதில் தெரியவில்லை.

ஆகவே நோட்டைக் கொஞ்ச நாள் மூடி வைத்துவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்கு எத்தனை தட்டு வேண்டும் என்று எண்ணி எடுத்து வரும்படி தங்கள் மகனிடம் சொல்லிப் பாருங்கள். சரியாக எடுத்து வந்தால், முதல் வகுப்பைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ஒன்று கூடக் குறைய வந்தால் திட்டாமல், எல்லாரையும் உட்கார வைத்து ஆளுக்கொன்றாக அவனையே வைக்கச் சொல்லுங்கள்.