பாக்கெட் சொல்வது சரியா, டீச்சர் சொல்வது சரியா?

கேள்வி: தேர்வில் பாலை 'ஒருபடித்தான கலவை' (எங்கும் ஒரே சீராக இருப்பது) என்று எழுதிய என் மகளுக்கு ஒரு மதிப்பெண் போய்விட்டது. பால் பாக்கெட்டிலோ 'ஹோமோஜினைஸ்டு', அதாவது ஒருபடித்தாக்கியது, என்றே அச்சடித்திருக்கிறது. அப்படியென்றால் அவள் எழுதியது சரிதானே?
- பெயர் வேண்டாம் என்ற வாசகி

பதில்: நான் வேதியியல் ஆசிரியராகச் சேர்ந்த முதல் வருடம் இதே தப்பைக் கரும்பலகையிலேயே எழுதினேன் என்று மகளிடம் சொல்லுங்கள். கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்து, "அப்ப பாலேடு எங்கேருந்து சார் வருது?" என்றான். மணி எப்போது அடிக்கும் என்று காத்திருந்தேன்.

பாலில் கொழுப்பு கரைந்திருப்பதில்லை, துளித்துளியாக மிதக்கிறது. கண்ணுக்கு ஒரே வெள்ளைதான். நுண்ணோக்கியில் வைத்தால் உருண்டைகள் தெரியும். கறந்த பாலில் ஒரு துளி சராசரியாக 3, 4 மைக்ரோமீட்டர் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோமீட்டர்) இருக்கும். தண்ணீரைவிட லேசானது என்பதால் அசையாமல் வைத்தால் மேலே ஏறி ஏடாகப் படியும். பாக்கெட்டில் இருக்கும் அந்தச் சொல் தொழிற்சாலையில் செய்யும் ஒரு வேலையின் பெயர். பாலை அதிக அழுத்தத்தில் மெல்லிய இடுக்கு வழியாகத் தள்ளுவார்கள். துளிகள் உடைந்து பெரும்பாலும் 2 மைக்ரோமீட்டருக்குக் கீழே வந்துவிடும். அதற்கப்புறம் ஏடு கட்டுவதில்லை. இந்த இயந்திரத்துக்கு ஆகஸ்ட் கோலன் என்ற பிரெஞ்சுக்காரர் 1899-இல் காப்புரிமை வாங்கினார். ஆனால் துளி சிறுத்ததே தவிர, கரைந்துவிடவில்லை. ஆகவே பால் பலபடித்தானதுதான், அதாவது எங்கும் ஒரே சீராக இல்லாததுதான்; டீச்சர் பக்கமே நியாயம்.

மகள் நம்பவில்லையா? இரண்டு கண்ணாடி டம்ளர்களில் தண்ணீர் எடுத்து, ஒன்றில் சர்க்கரையை நன்றாகக் கரையுங்கள். இன்னொன்றில் நாலு சொட்டுப் பால் போதும். விளக்கை அணைத்துவிட்டு டார்ச் அடியுங்கள். சர்க்கரைத் தண்ணீரில் ஒளி போன தடம் தெரியாது. பால் தண்ணீரில் மிதக்கும் துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதால் தடம் பளிச்சென்று விழும்: பக்கத்திலிருந்து பார்த்தால் லேசான நீலம், டார்ச்சுக்கு எதிர்ப்பக்கம் பார்த்தால் மஞ்சள். 19-ஆம் நூற்றாண்டு விஞ்ஞானி ஜான் டிண்டால் பெயரால் இதை டிண்டால் விளைவு என்கிறோம். ஜன்னல் வழியே விழும் வெயில் கற்றையில் தூசி மினுங்குவதும் இதனால்தான். தூசியை நீக்கிவிட்டால் காற்று ஒருபடித்தானது.

என் கையில் அந்த விடைத்தாள் வந்திருந்தால் அரை மதிப்பெண் போட்டிருப்பேன். வெறும் கண்ணால் பார்த்தா, நுண்ணோக்கியிலா என்று சொல்லாமல் ஒரு வார்த்தையில் பதில் கேட்கும் கேள்விகள் எனக்குப் பிடிப்பதில்லை.

கேள்வி: அப்படியானால் சோடா?
- அதே வாசகி, கடிதத்தின் ஓரத்தில்

பதில்: மூடி திறக்கும்வரை ஒருபடித்தானது, கார்பன் டை ஆக்சைடு அழுத்தத்தில் கரைந்திருக்கும். திறந்ததும் குமிழிகள் கிளம்பும், அப்போது பலபடித்தானது. தேர்வில் வந்தால் 'மூடிய பாட்டில்' என்று பக்கத்திலேயே எழுதிவிட்டு வரச் சொல்லுங்கள்.